இரண்டாவது சிலிண்டர்

"எங்கப்பாவோட ஃப்ரெண்டை நீங்க கண்டுபிடிக்கணும்" என்றாள் அந்தப் பெண், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே.

ஞாயிற்றுக்கிழமை காலை. அலுவலக ஷட்டரை நான் பாதிதான் தூக்கியிருந்தேன். அதற்கடியில் குனிந்து நுழைந்து வந்துவிட்டாள்.

"காணாமப் போயிட்டாரா?" என்று கேட்டேன்.

"இல்லை. இருக்கார்னு அப்பா சொல்றார். நான்தான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை."

"எனக்கு வாராவாரம் லீவு இருக்குன்னு எங்க மேடமும்தான் சொல்றாங்க. நானும் பார்த்ததில்லை."

"ரேடியோ, வால்யூமைக் குறை" என்றது உள்ளறையிலிருந்து மேடத்தின் குரல்.

ரேடியோ என்பது நான். நிறுத்தும் பொத்தான் இல்லாமல் பிறந்துவிட்டேன் என்பது மேடத்தின் கருத்து. மேடம் முன்பு பள்ளியில் கணக்கு டீச்சர். விடைத்தாளைப் பார்த்தே யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று சொல்லிவிடுவாராம். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் இப்போது துப்பறிகிறார். உள்ளறையில் ஒரு கட்டில், ஒரு மின்சார அடுப்பு. வீடு என்று தனியாக எதுவும் கிடையாது. ஏன் என்று நான் கேட்டதில்லை. எனக்கும் வாய் அடைத்துப் போகிற கேள்விகள் சில உண்டு.

வந்தவள் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவள். கடல் கடந்து ஒரு வேலை கிடைத்திருக்கிறது. வருகிறேன், வரவில்லை என்று இன்று மாலைக்குள் சொல்லியாக வேண்டும். அம்மா இறந்து சில வருடங்கள் ஆகின்றன. அப்பா ஆஸ்பத்திரியில் எக்ஸ்-ரே எடுப்பவர். வீட்டில் இவர்கள் இரண்டே பேர்.

"இதுக்கு முன்னாடி வந்த வேலையை அப்பாவுக்காகத்தான் வேண்டாம்னேன்" என்றாள். "ஆஸ்பத்திரி விட்டா வீடு, வீடு விட்டா ஆஸ்பத்திரின்னு இருந்தவர் திடீர்னு ஒரு நாள் தண்ணிக்கடியில போட்டோ எடுக்கக் கத்துக்கறேன்னு கிளம்பினார். பயந்துட்டேன். கூட ஒரு ஃப்ரெண்ட் வர்றார், கவலைப்படாதேன்னார். இப்ப இந்த வேலை வந்ததும், 'அதான் அவன் இருக்கானே, நீ போம்மா'ங்கறார். யாருப்பா அவர்னு கேட்டா பேச்சை மாத்திடறார். பேரைக்கூடச் சொல்லமாட்டேங்கறார்."

"அவர் யாருன்னு தெரிஞ்சா?" என்று கேட்டார் மேடம். புடவைத் தலைப்பில் கண்ணாடியைத் துடைத்தபடி வந்து உட்கார்ந்திருந்தார்.

"நல்ல மனுஷன்னா நான் கிளம்பிடுவேன். அப்பாவை ஏமாத்தற ஆள்னா இருந்துடுவேன்."

"சாட்சி ஏதாவது இருக்கா?"

இருந்தது. தன் செல்போனை நீட்டினாள். அந்த நண்பர் எடுத்ததாக அப்பா காட்டிய படங்கள். ஊருக்கு வெளியே, தண்ணீர் நிறைந்து ஏரியாகிவிட்ட பழைய கல்குவாரி. அடியில் ஒரு பழைய லாரி பாசி பிடித்துக் கிடந்தது. ஒவ்வொரு படத்திலும் கறுப்பு ரப்பர் உடையில் ஒரு மெலிந்த மனிதர், முதுகில் காற்று சிலிண்டரோடு, லாரியின் கதவையோ சக்கரத்தையோ எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றிலும் முதுகுதான். சுற்றிலும் பச்சைத் தண்ணீர், வேறு யாருமில்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் மனசு என்னவோ செய்தது.

"இவர் கையில கேமராவையே காணோமே மேடம்! போட்டோ எடுக்கப் போனவர் கையில கேமரா வேணாமா?"

"ஃப்ரெண்ட்கிட்ட கொடுத்திருப்பார். இல்லாட்டி அந்த ஆள் எதால எடுப்பார், மூக்காலயா? பூஜ்யம் மார்க்."

படங்களைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, "நீங்க வீட்ல இருங்க. போனைக் கையிலயே வச்சிருங்க" என்றார் மேடம்.

அந்தப் பெண் வாசல்வரை போய்த் திரும்பி எங்களைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்ததுபோல் இருந்தது. சொல்லாமலே குனிந்து வெளியேறினாள்.

எக்ஸ்-ரேக்காரர் பயிற்சி எடுத்த குளம் ஒரு பெரிய கூடத்துக்குள் இருந்தது. குளோரின் வாசனை மூக்கில் ஏறியது. பேசினால் பேச்சு சுவரில் முட்டித் திரும்பி வந்தது. என் குரலை நானே இரண்டு முறை கேட்கும் பாக்கியம் கிடைத்தது. குளத்தின் அடியில் நாலைந்து பேர் குப்புறக் கிடந்து ஒரு சமையலறைக் கரண்டியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"கரண்டி என்ன குற்றம் செஞ்சுது?" என்று பயிற்சி கொடுக்கும் அம்மாவிடம் கேட்டேன். கழுத்தில் விசிலோடு நின்ற, வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவர்.

"அது ஓடாது, அதான். முதல்ல அசையாம மிதக்கக் கத்துக்கணும், அப்புறம்தான் கேமரா. எடுத்த எடுப்பிலேயே மீனைத் துரத்தினா மீனோட வாலும் கலங்கின மண்ணும்தான் படத்துல விழும்."

"எக்ஸ்-ரேக்காரர் எப்படி?" என்றார் மேடம்.

கோச்சின் முகம் மலர்ந்தது. "அவரை மாதிரி பொறுமைசாலியை நான் பார்த்ததில்லை. கேமராவை ஒரு பெட்டிக்குள்ள போட்டுத்தான் தண்ணிக்குள்ள கொண்டுபோகணும். புதுசா வர்றவங்களை முதல்ல வெறும் பெட்டிக்குள்ள டிஷ்யூ பேப்பர் வச்சு முக்கிப் பார்க்கச் சொல்வேன். பேப்பர் நனையலைன்னா பெட்டி நல்ல பெட்டி. எல்லாரும் ஒரு தடவை பார்ப்பாங்க. இவர் ஒரு மாசமா டிஷ்யூ பேப்பரையே குளத்துக்குக் கூட்டிட்டு வந்துட்டிருந்தார். மூடியோட ரப்பர் வளையத்துல ஒரு தலைமுடி ஒட்டியிருந்தாலும் தண்ணி புகுந்துடும்னு சொன்னேன். மறுநாள் பூதக்கண்ணாடியோட வந்து நின்னார்."

"குறையே கிடையாதா?"

"ஒண்ணு உண்டு. மூச்சைப் பிடிப்பார். சிலிண்டர் போட்டு இறங்கினா முதல் விதியே மூச்சைப் பிடிக்காதேங்கறதுதான். இழுக்கணும், விடணும், குமிழி வந்துக்கிட்டே இருக்கணும். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு மேல வந்தா நுரையீரல் கிழிஞ்சுடும். நானும் திட்டிப் பார்த்துட்டேன். நாள் பூரா இருட்டு ரூம்ல நின்னு, 'இழுங்க, பிடிங்க, விடலாம்'னு ஊரையே மூச்சைப் பிடிக்க வைக்கிற மனுஷன். படம்னாலே மூச்சைப் பிடிக்கணும்னு உடம்புல ஊறிப் போச்சு."

"அவரோட ஃப்ரெண்ட்?"

"பார்த்ததில்லை. தனியா இறங்கக் கூடாதுங்கறது ரெண்டாவது விதி. அதனால ஒத்தை ஆளுக்கு சிலிண்டர் தரமாட்டோம். ஞாயித்துக்கிழமையானா ரெண்டு எடுத்துட்டுப் போவார். ஃப்ரெண்ட் எங்கன்னு கேட்டா வழியில ஏத்திக்கணும்னுவார். சாயங்காலம் ரெண்டும் காலியாத் திரும்பி வரும். இன்னிக்கும் இப்பதான் போனார்."

"ரெண்டுமே காலி!" என்று நான் தொடையைத் தட்டினேன். "அப்ப ஆள் நிஜம் மேடம். பேயா இருந்தா சிலிண்டர் அப்படியே திரும்பி வந்திருக்கும். கேஸ் முடிஞ்சுது, நான் லீவைப் போய்ப் பார்த்துட்டு வரேன்."

மேடம் குளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கரண்டியைப் படம் எடுப்பவர்களின் தலைக்கு மேல் கொத்துக் கொத்தாகக் குமிழிகள் எழும்பி வந்து உடைந்துகொண்டிருந்தன. போனை எடுத்து அந்தப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். மறுபடி முதலிலிருந்து தள்ளினார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"வண்டியை எடு" என்றார். "வேகமா."

வழியில் கேட்காமல் இருக்க முடியவில்லை. "என்ன மேடம் அப்படிப் பிரமாதமாக் கண்டுபிடிச்சுட்டீங்க?"

"எல்லாப் படத்துலயும் முதுகைக் காட்டிட்டிருக்கார்."

"கூச்சம்."

"முதுகைக் காட்டிட்டிருக்கிறவருக்குப் பின்னால ஒருத்தர் படம் எடுக்கிறது தெரியுமா?"

"எப்படித் தெரியும்? தண்ணிக்குள்ள 'ஸ்மைல் ப்ளீஸ்'னு கத்தவும் முடியாது."

"தெரியக் கூடாது. ஆனா இவருக்குத் தெரிஞ்சிருக்கு. ரோட்டைப் பார்த்து ஓட்டு."

குவாரிக்கு இறங்கும் மண் பாதையில் எதிரே ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. தண்ணீரோரம் ஒரே ஒரு கார் நின்றது. அதன் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு துண்டு, ஒரு ஜோடி செருப்பு, ஒரு ஃபிளாஸ்க். எல்லாம் ஒன்றே ஒன்று. தண்ணீர் கண்ணாடிபோல் அசையாமல் கிடந்தது. ஒரு குமிழிகூட இல்லை. நான் நீந்தத் தெரியாதவன் என்பதை மேடத்திடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஸ்ஸ்ஸ் என்று மெல்லிய, நிற்காத சத்தம். பாறைக்குப் பின்னால் போய்ப் பார்த்தோம்.

எக்ஸ்-ரேக்காரர் நனைந்த ரப்பர் உடையோடு தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் கேமரா. பக்கத்தில் ஒரு சிலிண்டர் பாறைமேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் திருகைக் கொஞ்சமாகத் திறந்து விட்டிருந்தார். காற்று வெளியேறிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கேட்டுக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்களைக் கண்டதும் பதறித் திருகை மூடினார். திடீரென்று அமைதியாகிவிட்டது.

"உங்க பொண்ணு எங்களை அனுப்பினாங்க" என்றார் மேடம். "உங்க ஃப்ரெண்டைப் பார்க்கணும்."

"அவனா? இப்பத்தான் கிளம்பினான்."

"நடந்தா போனார்? வழியில நாங்க ஒருத்தரையும் பார்க்கலையே" என்றேன். "பறந்து போற ஆளா சார்?"

மேடம் என்னை முறைத்துவிட்டு, அவருக்கு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்தார். போனில் ஒரு படத்தைக் காட்டினார். "இது அவர் எடுத்ததா?"

"ஆமா."

"இது?"

"அதுவும்தான். நான் பாட்டுக்கு லாரியைப் பார்த்துட்டிருப்பேன். எனக்குத் தெரியாம பின்னாலேருந்து எடுத்துடுவான்."

"உங்களுக்குத் தெரியாம?"

"ஆமாங்க."

"அப்ப ஒரு படத்துலகூடக் குமிழி இல்லையே சார், ஏன்?"

அவர் போனுக்கு அருகே குனிந்து படத்தைப் பார்த்தார்.

"தண்ணிக்குள்ள இருக்கிற ஆள் மூச்சு விட்டுட்டே இருக்கணும்" என்றார் மேடம். "தெரியாம எடுத்த படம்னா பாதிக்குப் பாதியிலயாவது குமிழி விழுந்திருக்கும். ஒரு படத்துல இல்லைன்னா தற்செயல்னு விட்டுடலாம். எல்லாத்துலயும் இல்லைன்னா, கிளிக் ஆகிற நேரம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. பின்னால இருக்கிற ஆளோட சைகை முன்னால பார்த்துட்டிருக்கிறவருக்குத் தெரியாது. கேமராவைக் கல்லு மேல வச்சு, டைமரைப் போட்டுட்டு, முன்னால நீந்திப் போய் நின்னு மனசுக்குள்ள எண்ணிட்டிருந்தாத்தான் தெரியும். நேரம் வந்ததும் மூச்சைப் பிடிச்சிருக்கீங்க. ஆஸ்பத்திரியில மத்தவங்களைச் செய்யச் சொல்றதை இங்க நீங்களே செஞ்சிருக்கீங்க."

எக்ஸ்-ரேக்காரர் கேமராவைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அவ அம்மா இருந்தவரைக்கும் அவதான் எல்லாரையும் படம் எடுப்பா" என்றார் கடைசியில். "போனதுக்கப்புறம் என்னைப் படம் எடுக்க யாரும் இல்லை. முதல் படத்தை விளையாட்டாத்தான் எடுத்தேன். பொண்ணுகிட்ட காட்டினேன். 'யாருப்பா எடுத்தாங்க, உங்களுக்கு ஒரு ஃப்ரெண்ட் கிடைச்சுட்டாரா?'ன்னு கேட்டா. முகத்துல அப்படி ஒரு நிம்மதி. இல்லைன்னு சொல்ல மனசு வரலைங்க."

"இந்த சிலிண்டர்?"

"காலியாத் திருப்பிக் கொடுக்கணுமே. ஆரம்பத்துல ஒரேயடியாத் திறந்து விட்டுட்டுக் கிளம்பிடுவேன். அப்புறம் கொஞ்சங் கொஞ்சமாத் திறக்க ஆரம்பிச்சேன்." அவர் சிரிக்கப் பார்த்தார். "பக்கத்துல உட்கார்ந்து கேட்டா, யாரோ மூச்சு விடற மாதிரி இருக்கும்."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு ஜோக் அடித்துச் சூழ்நிலையை லேசாக்குவதுதான் என் வேலை. ஒன்றும் வரவில்லை. எனக்கும் அறையில் யாருமில்லாத இரவுகளில் மின்விசிறிச் சத்தத்துக்காகவே அதைப் போட்டுவிட்டுப் படுக்கும் வழக்கம் உண்டு.

"அவகிட்ட சொல்லிடாதீங்க" என்றார் அவர். "சொன்னா இங்கயே இருந்துடுவா. எனக்காக ஒரு தடவை வேலையை விட்டது போதும். அவ ஒரு ரூம்ல, நான் ஒரு ரூம்ல உட்கார்ந்திருப்போம். சாப்பிட்டீங்களான்னு கேட்பா, சாப்பிட்டேம்பேன். அதோட பேச்சு முடிஞ்சுடும். எனக்காக அவ வாழ்க்கை வீணாப் போகணுமா? ஒரு பொய்தானே. நல்லவர்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

மேடம் சம்மதித்துவிடுவார் என்றே நினைத்தேன். நானாயிருந்தால் சம்மதித்திருப்பேன்.

"சொல்லலாம்" என்றார் மேடம். "அவங்களும் கிளம்பிப் போயிடுவாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை உங்க கால் அந்த லாரியில மாட்டும். இழுத்து விட ஆள் இருக்காது. அப்புறம் என்ன நடக்கும் தெரியுமா? போலீஸ் உங்க ஃப்ரெண்டைத் தேடும். கூடவே இருந்தவன் எங்கே, உங்களை விட்டுட்டு ஏன் ஓடினான், அவன்தான் கொன்னுட்டானான்னு தேடும். உங்க பொண்ணு திரும்பி வந்து தேடுவாங்க. எங்களது மாதிரித் துப்பறியற ஆபீஸ் ஒண்ணு விடாம ஏறி இறங்குவாங்க. இல்லாத ஒரு ஆளை ஆயுசு பூராத் திட்டிக்கிட்டிருப்பாங்க. நான் நிறையப் பேரைத் தேடியிருக்கேன் சார். இல்லாத ஆளைத் தேடற மாதிரிக் கொடுமை வேற கிடையாது."

அவர் மேடத்தின் போனுக்குக் கை நீட்டினார்.

மணி அடித்ததுமே எடுத்துவிட்டாள். அவருக்குக் கை ஈரமாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மாடி, நான்தான். ஃப்ரெண்டுன்னு யாரும் இல்லம்மா. எல்லாப் படமும் நானே எடுத்ததுதான்."

"தனியாவா இறங்கறீங்க?" என்றாள்.

"ஆமா."

"அப்ப நான் போகலை. இப்பவே அவங்களுக்குச் சொல்லிடறேன்."

சட்டென்று வந்தது அந்தப் பதில். கோபமில்லை, அழுகையில்லை. மேடம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்பாவுக்கும் அது காதில் பட்டிருக்க வேண்டும்.

"என்னம்மா, நிம்மதியாச் சொல்றே?"

இப்போது அழுகை வந்தது. "எனக்குப் பயமா இருக்குப்பா. அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாது. போகாம இருக்கிறதுக்கு ஒரு காரணம் கிடைச்சாப் போதும்னு இருந்துச்சு. உங்க ஃப்ரெண்ட் பொய்யா இருக்கணும்னு வேண்டிக்கிட்டுத்தான் இவங்ககிட்டயே போனேன்."

அடிப்பாவி என்று நினைத்துக்கொண்டேன். கண்டுபிடிக்கச் சொன்னவளே கண்டுபிடிக்காமல் போக ஆசைப்பட்ட கேஸ் எங்களுக்கு இதுதான் முதல்.

எக்ஸ்-ரேக்காரர் போனுக்கு அருகே குனிந்தார். "இதை ஏம்மா என்கிட்ட சொல்லலை?"

"நீங்க சொன்னீங்களா?"

அவர் கேமராவை மடியிலிருந்து இறக்கி வைத்தார்.

"முதல் நாள் குளத்துல இறங்கினப்ப எனக்குக் காது அடைச்சுப் போச்சு. ஒரு குரலும் கேட்கலை. மேல வந்து, கரையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டேன். இந்த வயசுல, அத்தனை பேர் முன்னாடி. மறுவாரம் போகவே கூடாதுன்னு நினைச்சேன். ஆனா போனேன். அதுக்கப்புறம் காது பழகிடுச்சும்மா. நீ போய்ப் பாரு. பிடிக்கலைன்னா வந்துடு. நான் இங்கதானே இருப்பேன்."

"இருப்பீங்களா? தனியா இறங்கிட்டு?"

"தனியா இறங்கமாட்டேன்."

"அப்ப போட்டோ எடுக்கிறதையே விட்டுடுவீங்க. பழையபடி ஆஸ்பத்திரி, வீடு."

"விடமாட்டேன். கூட வர ஒரு ஆளைக் கேட்கறேன்."

"நீங்களா? நீங்க போய் யார்கிட்டயாவது கேட்பீங்களா?" மூக்கை உறிஞ்சினாள். "நீங்க கேளுங்க. நீங்க கேட்டுட்டேன்னு சொன்னா நானும் வர்றேன்னு அவங்களுக்குச் சொல்றேன். சாயங்காலம்வரைக்கும் டைம் இருக்கு."

போன் அடங்கியது. அவர் மேடத்தைப் பார்த்தார். "நீங்களே கோச்கிட்ட பேசிடுங்களேன். எனக்கு இதெல்லாம் கேட்க வராது. நாக்கு ஒட்டிக்கும்."

"ஆளைத் தேடித் தர்றதுன்னா செய்வேன். இது உங்க வேலை" என்று மேடம் கோச்சின் எண்ணை அழுத்தி என்னிடம் கொடுத்தார். நான் அதை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"ஹலோ" என்றது கோச்சின் குரல், பின்னால் குளத்தின் எதிரொலியோடு.

எக்ஸ்-ரேக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடி இறுகியது.

"நான் எக்ஸ்-ரே பேசறேன். ஒண்ணு கேட்கணும். ஞாயித்துக்கிழமையில என்கூட இறங்க ஒரு ஆள் வேணும்." நிறுத்தினார். கோச் ஏதோ கேட்க வாயெடுப்பதற்குள் அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "நிஜமாவே ஒரு ஆள்."